தூங்கி விழுந்த கோடு

அண்ணன் மகளின் டேப்லெட்டை வாங்கி அவளுடைய கல்லூரி நோட்ஸைப் புரட்டினேன். புரட்டினேன் என்பது பழக்கதோஷம், தள்ளினேன். தலைப்பெல்லாம் நீலம், முக்கியமானதெல்லாம் மஞ்சள், அடித்தல் திருத்தல் மருந்துக்கும் இல்லை. நான் தேடியது மட்டும் கிடைக்கவில்லை. நான் தேடியது ஒரு கோடு.

மத்தியானச் சாப்பாட்டுக்குப் பிந்தைய வகுப்பில் எழுதிய எந்த நோட்டிலும் அது இருக்கும். முதலில் வரி சரியும். பிறகு கொம்பும் காலும் குழம்பும். கடைசியில் பேனா ஒரு சொல்லின் பாதியிலிருந்து கிளம்பி, மார்ஜினைத் தாண்டி, பக்கத்தை விட்டே இறங்கிப் போயிருக்கும்.

எங்கள் பொருளாதார வகுப்பில் ஒழுங்காக நோட்ஸ் எடுத்தவள் ஒருத்திதான். தேர்வுக்கு முந்தின வாரம் அவள் நோட்டு ஜெராக்ஸ் கடைக்குப் போகும். பக்கம் 50 காசு. அதில் கிஃபன் பண்டம் பற்றிய பக்கத்தில், ‘விலை ஏறினால் அதன் தேவை’ என்ற இடத்தில் அவளும் தூங்கிவிட்டிருந்தாள். அதற்குமேல் கோடுதான். கோட்டையும் காசு கொடுத்து நகலெடுத்தோம். தேர்வில் அதே கேள்வி. தேவை குறையும் என்று எழுதினோம்; கத்தரிக்காய் வாங்கத் தெரிந்த யாரும் அப்படித்தான் எழுதுவார்கள். ஆனால் கிஃபன் பண்டத்தின் விசேஷமே, விலை ஏறினால் அதைக் கூடுதலாக வாங்குவார்கள் என்பதுதான். ரொட்டி விலை ஏறினால் ஏழை வீட்டில் கறிக்குக் காசு மிஞ்சாது. அந்த இடத்தையும் ரொட்டியால்தான் நிரப்பியாக வேண்டும்.

பேப்பர் திருத்தியவருக்கு எங்கள் குலமுறை பிடிபட்டிருக்கும். ஏடு ஒப்பிடுபவர்களின் கணக்கு அது: இரண்டு சுவடிகளில் அதே இடத்தில் அதே பிழை இருந்தால், இரண்டுக்கும் தாய் ஒன்று. சரியாக எழுதியது எதையும் காட்டிக்கொடுக்காது. ஓலை கிழியும் என்று புள்ளியே வைக்காமல் எழுதிய ஏடுகளில், ராமபாணப் பூச்சி தின்றது போக மிஞ்சியதை வைத்துக்கொண்டு, உ.வே.சா. இன்னொரு பிரதிக்காக ஊர் ஊராக அலைந்தார். 1887இல் சீவக சிந்தாமணி அச்சேறியது. நாங்கள் பக்கத்து பெஞ்சில்கூட விசாரிக்கவில்லை.

கையால் எழுதினால்தான் மண்டையில் ஏறும் என்று அண்ணன் மகளிடம் வாதாட என் கைவசம் ஓர் ஆய்வு இருந்தது. 2014இல் முல்லர், ஓப்பன்ஹைமர் என்று இரண்டு அமெரிக்க உளவியலாளர்கள் வெளியிட்டது. லேப்டாப்காரர்கள் சொன்னதைச் சொன்னபடியே தட்டிவிட்டு, புரிந்து பதில் சொல்லவேண்டிய கேள்விகளில் கோட்டைவிட்டார்களாம். 2019இல் வேறு சிலர் அதையே மறுபடி செய்துபார்த்து, வித்தியாசம் அவ்வளவு தெளிவாக இல்லை என்று சொல்லிவிட்டார்கள். ஐந்து வருடம் ஜெயித்த வரைக்கும் லாபம்.

“உங்க கிளாஸ்ல யாரும் தூங்கறதே இல்லையாம்மா?”

“தூங்குவோமே சித்தப்பா. ரெக்கார்டிங்தான் இருக்குல்ல.”

போட்டுக் காட்டினாள். பேராசிரியரின் குரல் தூரத்தில் எங்கோ கேட்டது. மைக்குக்கு வெகு அருகில், சீராக, மெல்லிய குறட்டை.

சட்டென்று நிறுத்திவிட்டாள்.