உரோமையில் ஒரு தமிழ் மாணவர்

பொதிகையில் தோன்றும் தாமிரபரணி, பாபநாசத்தில் சமவெளியைத் தொட்டு, கல்லிடைக்குறிச்சியின் படித்துறைகளை நனைத்துச் செல்கிறது. எதிர்க்கரையில் அம்பாசமுத்திரம், இருபுறமும் நெல்வயல்கள். சேரன்மாதேவி, திருநெல்வேலி, திருவைகுண்டம் ஆகிய ஊர்களைக் கடந்து அது கடலோடு கலக்குமிடம் புன்னைக்காயல். அக்கழிமுக ஊரில் 1586ஆம் ஆண்டில் தமிழ் நூலொன்று அச்சேறியது. அண்டிரிக் அடிகளார் இயற்றிய அந்நூல் 600 பக்கங்களுக்கும் மேற்பட்டது. கிறித்தவ அடியார்களின் வரலாறுகளைக் கூறுவது. அதன் படியொன்று கடல் கடந்து வத்திக்கான் நூலகத்தைச் சேர்ந்தது. பின்னர்த் தமிழுலகம் அதனை மறந்தேபோனது.

மறக்கப்பட்ட அந்நூலைத் தமிழர்க்கு மீண்டும் அறிமுகப்படுத்தியவர் தனிநாயகம் அடிகளார். உலகத் தமிழ் மாநாட்டோடு இணைத்தே அவர் பெயரை நாம் நினைவுகூர்கிறோம். எனினும், மாநாடுகளுக்கு நெடுநாள் முன்னர் அதே உரோமையில் அவர் மாணவராக வாழ்ந்த ஆண்டுகள் அதனினும் கூர்ந்து நோக்கத் தக்கவை.

இலங்கையின் ஊர்காவற்றுறையை அடுத்த கரம்பொனில் 1913ஆம் ஆண்டு பிறந்தவர் அவர். யாழ்ப்பாணம் புனித பத்திரிசியார் கல்லூரியில் ஆங்கில வழியில் பயின்றார். கொழும்புக் குருமடத்தில் மெய்யியல் கற்றார். 1934இல் இறையியல் பயில உரோமைக்கு அனுப்பப்பட்டார். அப்போது அவருக்கு வயது இருபத்தொன்று.

அவர் சேர்ந்த உர்பன் கல்லூரி, சனிக்குலம் குன்றின்மேல் அமைந்தது. அங்கிருந்து பார்த்தால் புனித பேதுரு பேராலயத்தின் குவிமாடம் தெரியும். ஆசியா, ஆப்பிரிக்கா எனப் பல நிலங்களிலிருந்து குருமாணவர்கள் அங்கே வந்து தங்கினர். பாடங்கள் இலத்தீனில் நடந்தன, தெருவிலோ இத்தாலியம். வெயிலும் பனையும் சூழ்ந்த தீவில் வளர்ந்தவர்க்கு மாரிக்காலக் குளிரும் புதிது, உணவும் புதிது. இவற்றுக்கெல்லாம் உடல் பழகிவிடும். மொழிக்கு உள்ளம் பழகுவதே கடினம். இலத்தீனிலேயே கேட்டு, இலத்தீனிலேயே சிந்தித்து, இலத்தீனிலேயே விடையிறுக்க வேண்டிய வகுப்பில், நினைத்ததைச் சொல்ல இயலாமல் நிற்கும் முதல் மாதங்களை, வேற்றுமொழியில் உயர்கல்வி பயின்ற எவரும் அறிவர்.

அவர் அதனைக் கடந்தார். கடந்ததோடு அமையவும் இல்லை. இத்தாலியம், பிரெஞ்சு, இசுபானியம், போர்த்துகீசியம், செருமன் ஆகியவற்றிலும் பயிற்சி பெற்றார். 1938இல் குருவாகத் திருநிலைப்படுத்தப்பட்டார். மூன்றாம் நூற்றாண்டுக் கார்த்தேசு நகர்த் திருச்சபையின் குருக்களைப் பற்றி ஆய்ந்து முனைவர் பட்டமும் பெற்றார்.

இத்தனை மொழிகளுக்கிடையே தமிழின் நிலை என்ன? உடன் பயின்ற தமிழ் மாணவர்களைச் சேர்த்து உரோமையிலேயே வீரமாமுனிவர் கழகம் ஒன்றை அவர் நிறுவினார். பெயர்த்தேர்வு பொருள் பொதிந்தது. இத்தாலியில் பிறந்து, தென்பாண்டி நாட்டின் காமநாயக்கன்பட்டி முதலிய ஊர்களில் பணியாற்றி, தேம்பாவணி பாடியவர் வீரமாமுனிவர். இத்தாலியர் ஒருவர் தமிழ்நாட்டிற்கு வந்து தமிழ்ப் புலவரானார். தமிழர்களோ அவ்வித்தாலிக்குச் சென்று அவர் பெயரால் தமிழை நினைத்துக்கொண்டனர். அந்நினைவில் பெருமிதத்தோடு சிறிது நாணமும் கலந்திருக்க வேண்டும். ஏனெனில், ஆங்கில வழியில் கற்றமையால் அடிகளார்க்குத் தமிழிலக்கியத்தில் ஆழ்ந்த புலமை அதுவரை வாய்க்கவில்லை.

தாயகப்பக்கம் திரும்பிய அடிகளார் தூத்துக்குடி மறைமாவட்டத்தில் சேர்ந்தார். நெல்லைச் சீமையின் தென்கோடியிலுள்ள வடக்கன்குளத்தில், புனித தெரசாள் உயர்நிலைப்பள்ளியில் பணியேற்றார். அவ்வூரிலேதான் அவருடைய உண்மையான தமிழ்க்கல்வி தொடங்கியது எனலாம். பண்டிதர் குருசாமி சுப்பிரமணிய ஐயரிடம் அவர் முறையாகத் தமிழ் பயின்றார். ஏறத்தாழ நான்கு ஆண்டுகள் பயின்றார். ஐரோப்பாவில் முனைவர் பட்டம் பெற்றவர். பள்ளியில் பிறர்க்குக் கற்பிக்கும் பொறுப்பில் உள்ளவர். முப்பதை நெருங்கும் பருவத்தினர். அவர் ஏடும் கையுமாக ஒரு தமிழாசிரியரிடம் மாணவராக அமர்ந்தார். கிறித்தவக் குருவுக்கு வைதிகர் ஒருவர் ஆசானாக வாய்த்ததை இருவருள் எவரும் தடையாகக் கருதவில்லை. உரோமையில் இலத்தீனை வெல்லத் தேவைப்பட்டது உழைப்பு. இங்கே உழைப்போடு, தெரியாது என்று ஒப்புக்கொள்ளும் துணிவும் தேவைப்பட்டது.

பின்னர் அண்ணாமலைப் பல்கலைக்கழகத்தில் சேர்ந்து தமிழில் முதுகலைப் பட்டம் பெற்றார். சங்கப் பாடல்களில் இயற்கை பற்றி ஆய்ந்தார். கிரேக்க, இலத்தீன் பாடல்களோடு சங்கப் பாடல்களை ஒப்பிட்டு நோக்க உரோமைக் கல்வி அவருக்குக் கைகொடுத்தது. 1952இல் 'தமிழ்க் கல்ச்சர்' என்னும் ஆங்கில முத்திங்களிதழைத் தொடங்கினார். 1964இல் உலகத் தமிழாராய்ச்சி மன்றம் தோன்றவும், 1966இல் கோலாலம்பூரில் முதல் மாநாடு கூடவும் முன்னின்று உழைத்தார்.

1950களில் ஐரோப்பிய நூலகங்களில் பழைய தமிழ் நூல்களையும் சுவடிகளையும் தேடி அடிகளார் பயணம் செய்தார். 1554இல் லிசுபனில் உரோம எழுத்தில் அச்சான தமிழ் நூலைப் பற்றிய செய்தியைத் தமிழர்க்கு விரித்துரைத்தார். வத்திக்கான் நூலகத்தில் அவர் கண்டதுதான் புன்னைக்காயலில் அச்சான அந்த அடியார் வரலாறு. மாணவராக அவர் வாழ்ந்த குன்றுக்கும் அந்நூலகத்திற்கும் நடந்தே செல்லக்கூடிய தொலைவுதான். அப்போது காணாத நூலை, தமிழ் கற்றுத் திரும்பிய பின்னரே கண்டார்.

அந்நூல் 1967இல் மறுபடியும் அச்சேறியது. வெளியிட்டது, அடிகளார் தூத்துக்குடியில் நிறுவிய தமிழ் இலக்கியக் கழகம். அங்கிருந்து புன்னைக்காயல் ஒருநாள் நடைக்கும் குறைந்த தொலைவே.