அரசு தராத உரிமை

போலீஸ்காரர் ஒருவர் சொந்தப் பகைக்காக ஒருவரைக் கொன்றால்? நெருக்கடி நிலையின்போது, உச்ச நீதிமன்றத்தில் நீதிபதி எச்.ஆர். கன்னா கேட்ட கேள்வி இது. நெருக்கடி நீடிக்கும்வரை பரிகாரம் இல்லை என்றார் அட்டர்னி ஜெனரல்.

1976 ஏப்ரல் 28-இல் நான்கு நீதிபதிகள் அரசின் பக்கம் நின்றார்கள். கன்னா மட்டும் மறுத்தார். அரசியல் சட்டத்தின் 21-வது பிரிவே இல்லாவிட்டாலும், சட்டத்துக்குப் புறம்பாக யார் உயிரையும் அரசு பறிக்க முடியாது என்று எழுதினார். பதினேழாம் நூற்றாண்டில் ஜான் லாக் வாதிட்டதும் இதைத்தான்: மக்கள் கூடி அரசை அமைப்பது உயிரைக் காக்க, ஒப்படைக்க அல்ல.

1977 ஜனவரியில் தலைமை நீதிபதி பதவி அவருக்கு இளையவருக்குப் போனது. கன்னா ராஜினாமா செய்தார்; 2008-இல் காலமானார். 2017-இல் ஒன்பது நீதிபதிகளின் அமர்வு பழைய தீர்ப்பைத் தூக்கியெறிந்தது. உரிமை காத்திருந்தது, கன்னாதான் இல்லை.