பேணுவாரற்ற பொதுப்பொருள்

தமிழ் பயிலும் மாணவன் கணிப்பொறியைக் குறித்து எழுதப் புகுவது நம் கல்லூரி நண்பர் சிலருக்கு வியப்பாயிருக்கலாம். சொற்களைத் தேடுவதும் காப்பதும் தமிழ் மாணவர் கடமை. அச்சொற்களைச் சுமந்து செல்லும் கருவி பழுதுபடுமாயின், அப்பழுதை ஆராய்வதும் அக்கடமையின்பாற்படும் என்று துணிந்தே இதனை எழுதலானேன்.

என் ஊர் திருப்பத்தூர் மாவட்டத்து ஜவ்வாது மலைமேல் உள்ள நெல்லிவாசல்நாடு. புதூர்நாடும் புங்கம்பட்டுநாடும் அதன் அண்டையிலுள்ளவை. அங்கு வாழும் மலையாளிப் பழங்குடி மக்கள் பேசுவது தமிழே. சாமை விளைத்தல், தேனெடுத்தல் முதலிய தொழில்களில் எங்கள் முதியோர் வழங்கும் சொற்கள் சிலவற்றை நான் புரட்டிய அகராதிகளில் கண்டிலேன். ஆதலின், கணிப்பொறியியல் பயிலும் நண்பர் இருவருடன் சேர்ந்து ஒரு செயலி அமைத்தோம். முதியோர் குரலையும், சொல்லையும், பொருளையும் கைபேசியிற் பதிந்து கல்லூரிக் கணிப்பொறிக்கு அனுப்புவதே அதன் பணி.

இணையத்தின் வழியே செய்தி அனுப்பும் வேலையை எவரும் அடியிலிருந்து எழுதுவதில்லை. யாரோ எழுதிப் பொதுவில் வைத்த நிரல்களை எடுத்தாள்வர். அத்தொகுதிக்கு லைப்ரரி என்று பெயர். புத்தகசாலை என்று மயங்கற்க. வேண்டியவர் எடுத்தாளும் கருவிப்பெட்டி என்று கொள்க. நாங்கள் எடுத்தாண்டதன் ஆசிரியர் அதனைக் கைவிட்டுப் பல்லாண்டுகள் ஆயின. குறைகூறி எழுதியோர்க்கு மறுமொழி இல்லை.

அதனால் விளைந்த இடர் இரண்டு. எங்கள் மலையில் அலைத்தொடர்பு ஒரு வளைவில் வரும், மறுவளைவில் மறையும். இத்தனை நொடி காத்திருந்து மீளவேண்டும் என்னும் வரையறை அந்த லைப்ரரிக்கு இல்லை. தொடர்பு அறுந்தால் செயலி மரம்போல் நின்றுவிடும். அனுப்பிய பதிவும் பாதி வழியில் அழியும். சாமை அடிப்பதைப் பற்றி ஒரு பாட்டி சொல்லிய சொற்கள் அவ்வாறே போயின. மறுமுறை சென்று கேட்டோம். முன்பு சொன்னவற்றுட் சில அவர் நினைவுக்கு வரவில்லை.

இரண்டாவது இடர் பாதுகாப்பைப் பற்றியது. இணையச் செய்தியை மறைத்தனுப்பும் டிஎல்எஸ் என்னும் முறையின் 1.0, 1.1 ஆகிய பழம்பதிப்புகள் 2021 மார்ச்சில் முறைப்படி விலக்கப்பட்டன. எங்கள் லைப்ரரி அறிந்ததோ 1.0 ஒன்றே. கல்லூரிக் கணிப்பொறி புதுப்பிக்கப்பட்ட அன்றே எங்கள் செயலிக்குக் கதவடைத்துவிட்டது. லைப்ரரி எழுதியது எழுதியபடியே இருந்தது, உலகம் நகர்ந்துவிட்டது.

உடனே தூக்கியெறிவோம் என்றார் ஒரு நண்பர். எண்ணிப் பார்க்கையில் முப்பத்தேழு இடங்களில் நிரல் அதனைத் தொட்டு நின்றது. ஆகவே, செய்தி எதுவாயினும் ஒரே வாயில் வழியாகவே வெளிச்செல்லுமாறு முதலில் அமைத்தோம். பின்னர் வாயிலுக்கு அப்பால் இருந்த பழைய லைப்ரரியை நீக்கிப் புதியதை வைத்தல் எளிதாயிற்று. புதியது தொடர்பு அறுந்தால் மீண்டும் அனுப்பும். அதனால் ஒரே சொல் இருமுறை பதியக்கூடும். எனவே ஒவ்வொரு பதிவுக்கும் கைபேசியிலேயே ஓர் எண் இட்டோம். கண்ட எண் மீண்டும் வரின் கல்லூரிக் கணிப்பொறி தள்ளிவிடும். பெற்றேன் என்னும் மறுமொழி வரும்வரை கைபேசி தன் படியை அழிப்பதில்லை. புதியதைத் தெரிந்தெடுத்தபோதும் அதன் அழகை நோக்கினோமல்லோம். கடைசியாக எப்பொழுது திருத்தப்பட்டது, பேணுவோர் எத்தனை பேர், குறை சொன்னார்க்கு விடை உண்டா என்பவற்றையே நோக்கினோம்.

இஃது எங்கள் சிறுமுயற்சிக்கு மட்டும் நேர்ந்ததன்று. இணையச் செய்தியைக் காக்கும் ஓப்பன்எஸ்எஸ்எல் என்னும் லைப்ரரியை உலகெங்கும் பெருநிறுவனங்கள் எடுத்தாண்டு வந்தன. 2012 மார்ச்சில் வெளிவந்த அதன் பதிப்பில் புகுந்திருந்த பிழை 2014 ஏப்ரலிலேதான் வெளிப்பட்டது. ஹார்ட்பிளீட் என்று பெயர் பெற்றது. அதன் வழியே அயலான் ஒருவன் பிறர் கணிப்பொறியின் நினைவகத்தை ஒவ்வொரு முறையும் 64 கிலோபைட்டு வரை எட்டிப் பார்க்கலாம், கடவுச்சொற்களும் அகப்படலாம். அத்துணைப் பெரும்பொருளுக்கு முழுநேரம் உழைத்தவர் ஒருவரே. ஆண்டுதோறும் வந்த நன்கொடை ஏறக்குறைய 2000 டாலர். ஓப்பன்பிஎஸ்டி குழுவினர் அவ்வாண்டே அதிலிருந்து வேண்டாதன களைந்து லிப்ரெஎஸ்எஸ்எல் என்னும் மாற்றை அமைத்தனர். லினக்ஸ் ஃபவுண்டேஷனோ நிறுவனங்களிடம் பொருள் திரட்டிப் பழையதைப் பேணுவார்க்கு உதவ முன்வந்தது.

பழையதை மாற்றல், பழையதைப் பேணல் என்னும் இவ்விரண்டும் தேவையே. ஆயினும் மாற்றுவதோடு நின்றால், புதியதும் நாளை அதே கதியை அடையும். இதனை நம் முன்னோர் அறிந்திருந்தனர். முதற் பராந்தக சோழன் காலத்து உத்திரமேரூர்க் கல்வெட்டுகள் (919, 921), ஏரியைப் பேண ஏரிவாரியம் என்னும் குழுவைக் குடவோலையால் தேர்ந்ததைக் கூறுகின்றன. ஏரி வெட்டுவது ஒருமுறை. தூரெடுப்பதும் கரை காப்பதும் ஆண்டுதோறும். நீர் பாய்ச்சிக்கொள்வோரே கூடி அப்பணி செய்வதைக் குடிமராமத்து என்று வழங்கினர். வாய்க்கால் மட்டும் வேண்டும், மண்வெட்டி வேண்டாம் என்பார்க்கு அங்கு இடமில்லை.

தமிழெழுத்தில் பெயரிட்ட ஒலிப்பதிவை அனுப்புங்கால் அப்பெயர் சிதைவதைப் புதிய லைப்ரரியில் கண்டோம். அதன் காரணத்தையும், திருத்தத்தையும், சோதித்துப் பார்க்கும் வழியையும் எழுதிப் பேணுவோர்க்கு அனுப்பினோம், சின்னாளில் ஏற்றுக்கொண்டனர். இனித் தமிழிற் பெயரிட்டு அனுப்புவார் எந்நாட்டினராயினும் அச்சிதைவுக்கு ஆளாகார். சொற்சேகரிப்புக்குச் செல்லும் திங்களில் ஒரு மாலையை இத்தகைய பணிக்கென்று ஒதுக்கியிருக்கிறோம். கணிப்பொறி அறியாத மாணவரும் இதில் துணைபுரியலாம். பிழையைத் தெளிவாக எழுதிக் காட்டுதற்கு வேண்டுவது நல்ல உரைநடையே. விருப்பமுள்ள நண்பர்கள் வருக.