டெய்லரக்காவின் நோட்டுப் புத்தகம்

கும்பகோணத்தில் அந்தத் தெருவில் அவருடைய பெயரைச் சொல்லி விசாரித்தால் பாதிப் பேர் உதட்டைப் பிதுக்குவார்கள். டெய்லரக்கா என்றால் பால்காரரே வாசலில் கொண்டுபோய் விட்டுவிடுவார். 20 வருடமாகப் பெண்களுக்கு ஜாக்கெட் தைக்கிறார். ஒவ்வொரு வாடிக்கையாளருக்கும் நீளக் கணக்கு நோட்டில் ஒரு பக்கம். உயரம், மார்புச் சுற்று, இடுப்பு, கை நீளம், கழுத்து இறக்கம் எல்லாம் அதில் இருக்கும். அளவு ஜாக்கெட் கொண்டுவர மறந்தவர்களுக்குக்கூட ஆளைப் பார்த்தே அளவு சொல்லிவிடுவார்.

அந்த நோட்டில் அவருக்கென்று ஒரு பக்கம் கிடையாது.

நாத்தனார் மகள் கல்யாணத்துக்குப் பட்டு ஜாக்கெட்டை எடுத்துப் போட்டபோது வலது அக்குள் பக்கம் மட்டும் பிடித்தது. இடது பக்கம் சரியாக இருந்தது. வேறு யாராவது வந்து, "ஒரு பக்கம் மட்டும் இறுக்குதுக்கா" என்று சொல்லியிருந்தால் ஏன் என்று யோசித்திருப்பார். தனக்கென்று வந்தபோது யோசிக்க நேரமில்லை. தையலைப் பிரித்து, வலது பக்கம் மட்டும் அரை இன்ச் விட்டு அடித்துக்கொண்டு கல்யாணத்துக்குப் போய்விட்டார்.

அக்குளில் சுண்டைக்காய் அளவில் ஏதோ உருண்டது தெரியும். நெறி கட்டியிருக்கிறது, காலில் புண் வந்தால் தொடையிடுக்கில் கட்டுவது மாதிரி, தானாகக் கரைந்துவிடும் என்று நினைத்தார். வலி இல்லை. வலிக்காததால் பயமும் இல்லை. பெண்கள் பலர் ஏமாந்துபோவது இங்கேதான். மார்பகப் புற்றுநோய்க் கட்டி ஆரம்பத்தில் பெரும்பாலும் வலிப்பதில்லை. நான்கு மாதம் கழித்து, குளிக்கும்போது வலது மார்பிலும் ஒரு கட்டி கையில் தட்டுப்பட்டது. அப்போதுதான் வீட்டுக்காரரிடம் சொன்னார். அவருக்குப் பாத்திரக் கடையில் வேலை. அன்று கடைக்கு லீவு போட்டார். கல்யாணமாகி இத்தனை வருடத்தில் அவர் லீவு போட்டது அது மூன்றாவது முறையோ நான்காவது முறையோ.

மேமோகிராம் எடுத்தார்கள். ஊசியால் சதை எடுத்துச் சோதனைக்கு அனுப்ப வேண்டும் என்றார்கள். "ஊசி குத்தினா பரவிடும், வேண்டாம்" என்று பக்கத்து வீட்டுப் பெரியம்மா தடுத்தார். பரவாது. எந்த வகைப் புற்று என்று தெரியாமல் வைத்தியம் தொடங்கவே முடியாது. நல்லவேளையாக வீட்டுக்காரர் பெரியம்மா பேச்சைக் கேட்கவில்லை.

முடிவு வந்த அன்று, அந்த ஆஸ்பத்திரியில் டாக்டர் வாசல் வரை வரிசையில் நின்றவர்களைப் பார்த்துக்கொண்டே பேசினார். "கேன்சர்தான். அக்குள் நெறிக்கும் பரவிடுச்சு. திருச்சிக்குப் போயிடுங்க." அவ்வளவுதான். அடுத்த ஆளின் பெயரைக் கூப்பிட்டுவிட்டார்கள்.

பஸ்ஸில் வீட்டுக்கு வரும் வழியெல்லாம் டெய்லரக்காவின் காதில் ஒரே ஒரு வார்த்தைதான் இருந்தது. பரவிடுச்சு. ஊரில் அந்த வார்த்தைக்கு ஒரே அர்த்தம்தான் உண்டு.

அன்று ராத்திரி அழவில்லை. பாக்கியிருந்த 11 ஜாக்கெட்டையும் வெட்டி மெஷினில் உட்கார்ந்தார். மறுநாளும் அதேதான். கொக்கி தைத்து, ஓரம் அடித்து, ஒவ்வொன்றையும் அதனதன் புடவையோடு மடித்துப் பெயர்ச் சீட்டு குத்தினார். யார் யார் எவ்வளவு தர வேண்டும் என்று எழுதினார். மகளைக் கூப்பிட்டு, "மெஷின வித்துடாதே, மோட்டார் மாத்தி ஒரு வருஷம்கூட ஆகல" என்றார். அப்போது மகள் பிளஸ் டூ. அம்மா ஏன் இப்படிப் பேசுகிறாள் என்று அவளுக்குப் புரிந்துவிட்டது.

தபால் ஆபீஸில் ரெண்டேகால் லட்சம் இருந்தது. மகள் காலேஜுக்கென்று ஜாக்கெட் ஜாக்கெட்டாகச் சேர்த்தது. "பரவினதுக்கு அப்புறம் எதுக்குங்க செலவு? புள்ள படிக்கட்டும். நான் திருச்சிக்கு வரல" என்று வீட்டுக்காரரிடம் சொல்லிவிட்டார். தியாகம் என்று நினைத்துச் சொல்லவில்லை. கணக்குப் போட்டுத்தான் சொன்னார். கிழிந்துபோன துணிக்கு யாராவது ஓரம் அடிப்பார்களா?

நான்கு நாள் வீட்டில் பேச்சில்லை. ஐந்தாம் நாள் மகள், "நீ வரலைன்னா நான் பரீட்சை எழுத மாட்டேன்" என்றாள். அது மிரட்டல்தான். ஆனாலும் வேலை செய்தது.

திருச்சியில் பார்த்தது ஒரு பெண் டாக்டர், அறுவைச் சிகிச்சை நிபுணர். முதலில் நுரையீரல், கல்லீரல், எலும்பு எல்லாவற்றையும் ஸ்கேன் எடுக்கச் சொன்னார். எங்கும் இல்லை என்று வந்தது. அதன் பிறகு ஒரு தாளை எடுத்துப் படம் போட்டார். மார்பிலிருந்து அக்குளுக்குப் போகும் மெல்லிய கோடுகள், அங்கே சின்னச் சின்ன வட்டங்கள். நிணநீர் கணுக்கள். நெறி என்று ஊரில் சொல்வது இவற்றைத்தான். உடம்பில் ஓடும் நிணநீரை வடிகட்டுகிற இடம்.

"வடிகட்டியில சிக்கியிருக்கும்மா. அது நல்ல சேதின்னு சொல்லமாட்டேன். ஆனா அக்குளுக்கு வந்தது வேற, எலும்புக்கும் நுரையீரலுக்கும் போனது வேற. உங்களுக்கு இது மூணாம் நிலை, நாலாம் நிலை இல்ல. குணப்படுத்தணும்னுதான் இந்த வைத்தியம் பண்றோம். நாள் கடத்தறதுக்கு இல்ல."

"உறுதியா சரியாயிடுமா மேடம்?"

"உறுதி சொல்ல முடியாதும்மா. வாய்ப்பு நல்லா இருக்கு."

அந்தப் பதில்தான் டெய்லரக்காவுக்குப் பிடித்தது. துணியைக் கண்ணால் பார்க்காமல் பொங்கலுக்குள் தருகிறேன் என்று அவரும் யாருக்கும் வாக்குக் கொடுத்ததில்லை.

பரவிடுச்சு என்ற ஒரே வார்த்தைக்குள் இரண்டு வேறு நோய்நிலைகள் இருக்கின்றன என்பதை ஊரில் யாரும் பிரித்துச் சொல்வதில்லை. அமெரிக்கக் கணக்கில், அக்குள் கணுக்கள் வரை மட்டும் வந்த நிலையில் கண்டுபிடிக்கப்பட்டவர்களில் 100க்கு 85 பேருக்கு மேல் 5 ஆண்டுகளைத் தாண்டுகிறார்கள். நம் ஊரில் தாமதமாக வருபவர்கள் அதிகம் என்பதால் அதே எண்ணை அப்படியே இங்கே சொல்ல முடியாது. ஆனாலும் மெஷினை யாருக்குக் கொடுப்பது என்று யோசிக்க வேண்டிய நிலை அல்ல அது. தங்கையைப் புற்றுநோய்க்குப் பறிகொடுத்த டாக்டர் முத்துலட்சுமி ரெட்டி, 1954இல் 12 படுக்கைகளோடு அடையாறில் புற்றுநோய் மருத்துவமனையைத் தொடங்கினார். இந்த நோய்க்கு எதற்குத் தனி ஆஸ்பத்திரி என்று கேட்டவர்கள் அன்று இருந்தார்கள். 'பரவினதுக்கு அப்புறம் எதுக்குச் செலவு' என்பதும் கிட்டத்தட்ட அதே கேள்விதான்.

செலவுக்கு முதலமைச்சர் காப்பீட்டுத் திட்ட அட்டை கைகொடுத்தது. வி.ஏ.ஓ.விடம் வருமானச் சான்றுக்கு மூன்று நடை நடந்தார் வீட்டுக்காரர். பஸ், சாப்பாடு, தங்கல் எல்லாம் கைக்காசு. தபால் ஆபீஸ் பணத்தில் கொஞ்சம் கரைந்தது. முக்கால்வாசி நின்றது.

டாக்டர் முதலில் கத்தி வைக்கவில்லை. கீமோ கொடுத்துக் கட்டியைச் சுருக்கிவிட்டு அப்புறம் ஆபரேஷன் என்றார். 3 வாரத்துக்கு ஒருமுறை, 4 தடவை, சிவப்பு மருந்து. அன்று சிறுநீரே சிவப்பாகப் போகும் என்று நர்ஸ் முன்கூட்டியே சொல்லாமல் இருந்திருந்தால் பயந்து செத்திருப்பார். குமட்டல், வாய்ப்புண், சாதத்தைப் பார்த்தாலே வெறுப்பு. மோர்சாதமும் நார்த்தங்காயும் மட்டும் இறங்கின. மூன்றாம் வாரம் தலையணையில் முடி கொத்துக் கொத்தாக வந்தது. வீட்டுக்காரரே மிச்சத்தை மழித்துவிட்டார். "திருப்பதிக்குப் போகாமலே மொட்டையாயிடுச்சு" என்று டெய்லரக்கா சொன்னதற்கு அவர் சிரிக்கவில்லை.

அந்த நாட்களில்தான் கணக்கு நோட்டில் அவருக்கென்று ஒரு பக்கம் வந்தது. முதல் கீமோவுக்கு முன்னால் டாக்டர் அக்குளில் அளவெடுத்துச் சீட்டில் குறித்ததைப் பார்த்திருந்தார். அளவெடுப்பது அவருக்கும் தெரிந்த வேலைதானே? வாரம் ஒருமுறை, ஞாயிற்றுக்கிழமை குளித்து முடித்ததும் இடது கை விரலால் வலது அக்குளைத் தடவிப் பார்த்து எழுதினார். இன்ச் டேப்புக்குப் பிடிபடாத அளவு. அதனால் தனக்குத் தெரிந்த மாதிரி எழுதினார். முதல் வாரம்: சுண்டைக்காய். இரண்டாம் வாரம்: சுண்டைக்காய். மூன்றாம் வாரம்: சுண்டைக்காய்தான். நான்காம் வாரம் எழுதி அடித்து, திரும்ப எழுதியிருக்கிறார்: பட்டாணி. 'எனக்குத்தான் அப்படித் தோணுதோ' என்று பக்கத்தில் ஒரு குறிப்பு. எட்டாம் வாரம் கொத்தமல்லி விதை. பத்தாம் வாரம்: தேடிப் பார்க்க வேண்டியிருக்கு.

அந்த வாரம் திருச்சிக்குப் போனபோது நோட்டையும் பையில் எடுத்துப்போனார். டாக்டரும் கையால் தடவிப் பார்த்துவிட்டு, "நல்லா சுருங்கியிருக்கும்மா" என்றார். டெய்லரக்கா நோட்டைக் காட்டவில்லை. வெட்கமாக இருந்ததாம். எந்தக் கட்டி எல்லாம் முடிந்தது என்று சொன்னதோ, அதே கட்டிதான் மருந்து வேலை செய்கிறது என்று விரலுக்குச் சொல்லிக்கொண்டிருந்தது. யாரோ தைரியம் சொல்லி வந்த நம்பிக்கை அல்ல. ஆறுதல் சொல்ல வந்தவர்கள் ஹார்லிக்ஸ் பாட்டிலோடு யார் யாருக்கு எப்படிச் செத்துப்போனது என்ற கதையையும் சேர்த்துத்தான் வைத்துவிட்டுப் போனார்கள்.

அடுத்த மருந்து வாராவாரம், 12 வாரம். இதில் குமட்டல் குறைவு. ஆனால் விரல் நுனி மரத்துப்போனது. ஊசியில் நூல் கோர்க்க முடியவில்லை. கொக்கி கையிலிருந்து நழுவியது. முடி போனபோது வராத அழுகை அன்று வந்தது. டாக்டரிடம் சொன்னதும் மருந்தின் அளவைச் சற்றுக் குறைத்தார். மரப்பு மெல்ல மெல்லத்தான் விலகும் என்றார். நூல் கோர்க்கும் வேலையை மகள் எடுத்துக்கொண்டாள். காலையில் பத்து ஊசியில் கோர்த்துத் துணியில் வரிசையாகக் குத்திவைத்துவிட்டு டியூஷனுக்குப் போவாள்.

பிறகு ஆபரேஷன். வலது மார்பை எடுத்தார்கள். அக்குளிலிருந்து 14 கணுக்களை எடுத்துச் சோதனைக்கு அனுப்பியதில் 2 கணுக்களில் இன்னும் நோய் இருந்தது. டெய்லரக்கா பூஜ்யம் வரும் என்று எதிர்பார்த்திருந்தார். விரலுக்கு ஒன்றும் தெரியவில்லையே, பிறகு எப்படி? நோட்டில் அந்த வாரம் ஒன்றும் எழுதவில்லை. "விரலுக்குத் தெரியாததும் உள்ள இருக்கும்மா. அதனாலதான் எடுத்தோம். மிச்சம் மீதிக்கு ரேடியேஷன் இருக்கு, மாத்திரை இருக்கு" என்று டாக்டர் சொன்னது மூளைக்குப் புரிந்தது. மனசுக்கு இறங்கப் பத்து நாளானது. ரேடியேஷனுக்காக ஸ்ரீரங்கத்தில் சின்னம்மா வீட்டில் 3 வாரம் தங்கினார். தினம் ஐந்தே நிமிட வேலை, ஐந்து மணி நேரக் காத்திருப்பு. மாத்திரை தினம் ஒன்று, வருடக்கணக்கில். அதனால் நடுராத்திரியில் உடம்பு அடுப்பு மாதிரி கொதிக்கும். எழுந்து ஃபேனுக்கு நேர் கீழே உட்கார்ந்துகொள்வார்.

வலது கைதான் பெரிய கவலையாக இருந்தது. கத்தரி பிடிக்கும் கை. ஆபரேஷனுக்குப் பிறகு தோளுக்கு மேல் தூக்க முடியவில்லை. சுவரில் விரல்களைச் சிலந்தி மாதிரி மேலே நடத்தச் சொல்லிக் கொடுத்தார்கள். டெய்லரக்கா ஒவ்வொரு நாளும் விரல் எட்டிய உயரத்தில் தையல் சாக்பீஸால் கோடு போட்டார். சுவரெல்லாம் கோடு. பொங்கலுக்கு வெள்ளையடிக்க வந்தவர் அழிக்கட்டுமா என்று கேட்டபோது வீட்டுக்காரர்தான் வேண்டாம் என்றார்.

அந்தக் கையில் ரத்த அழுத்தம் பார்க்கக் கூடாது, ஊசி போடக் கூடாது என்று சொல்லி அனுப்பியிருக்கிறார்கள். கணுக்களை எடுத்த பிறகு நிணநீர் தேங்கிக் கை வீங்கலாம். சின்னப் புண்ணில்கூடக் கிருமி ஏறலாம். அதனால் கைத்தையல் போடும்போது விரல் உறை மாட்டுகிறார். கனத்த கத்தரியைத் தொடுவதில்லை. ஒருமுறை கல்யாண ஆர்டருக்காக மூன்று நாள் விடாமல் தைத்ததில் கை புசுபுசுவென்று வீங்கிவிட்டது. இப்போது அழுத்தமான கை உறை போட்டுக்கொண்டு, ஒரு மணிக்கொரு முறை எழுந்துவிடுகிறார். முன்பு நாளைக்கு ஐந்து ஜாக்கெட். இப்போது இரண்டு. வருமானம் பாதிக்கும் கீழே.

தனக்கான ஜாக்கெட்டை அவரே தைத்துக்கொண்டார். பஞ்சு வைத்தால் மேலே ஏறிவந்தது, கனமும் இல்லை. ஒரு பக்கம் கனமில்லாவிட்டால் தோள் சாய்ந்து முதுகு வலிக்கும். பருத்திப் பையில் கேழ்வரகு நிரப்பிச் சமையலறைத் தராசில் எடை போட்டு, சுற்றிப் பஞ்சு வைத்து, ஜாக்கெட்டின் உள்பக்கம் பாக்கெட் அடித்து அதில் செருகினார். மூன்றாவது முயற்சியில் சரியாக உட்கார்ந்தது. வியர்வை பட்டால் கேழ்வரகை மாற்ற வேண்டும், அது ஒன்றுதான் தொல்லை.

செய்தி எப்படியோ பரவியது. இந்தப் பரவல் நல்ல பரவல். "எங்க சொந்தக்காரங்க ஒருத்தங்களுக்கு வேணும்" என்று சொல்லிக்கொண்டு பெண்கள் வர ஆரம்பித்தார்கள். அந்தச் சொந்தக்காரரின் அளவு என்ன என்று கேட்டால் திணறுவார்கள். டெய்லரக்கா மேலே கேட்க மாட்டார். கதவைச் சாத்திவிட்டு, "உங்க அளவையே எடுத்துக்கவா?" என்பார். சிலர் அங்கேயே உட்கார்ந்து அழுதிருக்கிறார்கள். நோட்டில் இவர்களுக்குப் பெயர் இல்லை, எண் மட்டும். இதுவரை 9 எண்.

மகள் இப்போது திருச்சியிலேயே பி.காம். படிக்கிறாள், மூன்றாம் வருடம். ஆறு மாதத்துக்கு ஒருமுறை அம்மா செக்கப்புக்கு வரும்போது ஹாஸ்டலிலிருந்து அவளும் வந்துவிடுவாள். செக்கப்புக்கு முந்தைய வாரம் டெய்லரக்காவுக்கு இன்றைக்கும் தூக்கம் பிடிப்பதில்லை. அந்த வாரம் புது ஆர்டர் எடுக்க மாட்டார்.

போன மாதம், பக்கத்துத் தெரு மருமகப் பெண் ஒருத்தி பையில் ஜாக்கெட்டைத் திணித்துக்கொண்டு வந்தாள்.

"அக்கா, அக்குள் பக்கம் இறுக்குது. கொஞ்சம் பிரிச்சு விட்டுத் தர்றீங்களா?"

டெய்லரக்கா கையிலிருந்த துணியைக் கீழே வைத்தார்.

"எந்தப் பக்கம்?"

"ரெண்டு பக்கமும்தான்க்கா."

"ரெண்டும் ஒரே மாதிரி இறுக்குதா? நல்லா யோசிச்சுச் சொல்லு."

"ஆமாக்கா. அம்மா வீட்டுக்குப் போய் ஒரு மாசம் உக்காந்து சாப்பிட்டேன்."

டெய்லரக்கா சிரித்துவிட்டார். விரல் உறையை மாட்டிக்கொண்டு, இரண்டு பக்கமும் அரை இன்ச் பிரிக்க உட்கார்ந்தார்.