ஒப்பனைக்குள் ஒரு முகம்

பினாங்கில் பி. ரம்லி பிறந்த இல்லம், அவர் பெயர் தாங்கிய சாலையிலேயே நினைவில்லமாக நிற்கிறது. அங்கே மாணவரை அழைத்துச் செல்லுமுன், ஜார்ஜ் டவுன் தமிழாசிரியர் ஒருவர் ‘சும்பா ஓராங் மின்யாக்’ படத்தின் முற்பகுதியை வகுப்பில் திரையிட்டார். ‘எண்ணெய் மனிதனின் சாபம்’ என்பது அதன் பொருள். 1958இல் ரம்லியே இயக்கி நடித்த கறுப்பு வெள்ளைப் படம் அது. கூன் முதுகும் உருக்குலைந்த முகமுமாக அவர் தோன்றியதும் வகுப்பே சிரித்தது. கன்னத்தில் தீத்தழும்புடைய மாணவன் ஒருவன் மட்டும் சிரிக்கவில்லை.

அந்நாளில் சிங்கப்பூரில் உருவான மலாய்ப் படங்களுக்குக் கணினியின் துணை கிடையாது. ஒப்பனையும் நிழலுமே பேயைப் படைத்தன. 1957இல் பி. என். ராவ் இயக்கிய ‘பொந்தியானாக்’ படத்தில் மரியா மெனாடோ கூனியாகவும் பேரழகியாகவும் இரத்தம் குடிக்கும் பேயாகவும் மாறினார். இடையே சத்தே விற்பவராக வந்து சிரிக்கவைத்த நடிகர், பின்னாளில் வாகித் சத்தே என்றே பெயர் பெற்றார். ரம்லியை 1950இல் ‘பக்தி’ படத்தில் நாயகனாக்கிய, சென்னையில் பிறந்த எல். கிருஷ்ணனும் 1958இல் எண்ணெய் மனிதனைத் திரைக்குக் கொணர்ந்தார்.

அச்சமும் நகையும் ஒரே கொட்டகையில் குடியிருந்தது வியப்பன்று. இரண்டையும் எண்வகை மெய்ப்பாடுகளுள் வைத்தவர் தொல்காப்பியர். அச்சம் பிறக்கும் நான்கு நிலைக்களன்களுள் அணங்கை முதலில் வைத்தார். நகையின் நான்கனுள் எள்ளலை முதலில் வைத்தார்.

ஆசிரியர் படத்தை நிறுத்தினார். தழும்புடைய மாணவனை அவர் நோக்கவுமில்லை; அறிவுரை கூறவுமில்லை. “நாம் சிரித்தது எவ்வகை நகை?” என்று மட்டும் வினவினார். நெடுநேரம் கழித்து, “எள்ளல், ஐயா” என்றது ஒரு மெல்லிய குரல்.

அவர் மீண்டும் படத்தை ஓடவிட்டார். இப்போது மாணவர் கண்டது வேறு படம். பத்திக் துணியில் அழகு தீட்டும் கைவினைஞனை ஊரார் எள்ளுகின்றனர். அழகு வாய்த்தபின் அவன் செருக்குறுகிறான். செருக்கினால் வீழ்ந்து, கொடிய எண்ணெய் மனிதனாகிறான். அவன் பிழை அவனுடையதே. எனினும், அதற்கு வித்திட்ட பழியில் ஊருக்கும் பங்குண்டு.

பழைய படங்களின் ஒப்பனை இன்று எளிதாகத் தோன்றலாம். அதனைக் கண்டு நகைப்பதும் தவறன்று. ஆனால் பூச்சைக் கண்டு நகைப்பது வேறு. முகத்தைக் கண்டு நகைப்பது வேறு. நடிகரின் கூன் படப்பிடிப்பு முடிந்ததும் கழன்றுவிடும். வகுப்பிலிருந்த தழும்போ அம்மாணவனுடன் வீடுவரை செல்லும்.