மூட்டைக்குக் காவல்

கோடை விடுமுறைக்கு எங்கே போவது என்ற கேள்வி உங்கள் வீட்டில் எந்த மாதத்தில் கிளம்பும்? எங்கள் வீட்டில் மாசி பிறந்ததும் கிளம்பிவிடும். அதற்குக் காரணம் ரயில்வேக்காரர்கள். முன்பெல்லாம் 120 நாளுக்கு முன்னாலேயே டிக்கெட் வாங்கி வைத்துக்கொள்ளலாம். 2024 நவம்பர் முதல் தேதியிலிருந்து அதை 60 நாளாகக் குறைத்துவிட்டார்கள். ஆகையால் மே மாதம் ஊருக்குப் போக வேண்டுமானால், மார்ச் மாதத்தில் ஒரு நாள் காலை எட்டு மணிக்கு, அடுப்பில் பால் பொங்குவதைக்கூடப் பொருட்படுத்தாமல் கம்ப்யூட்டர் முன்னால் உட்கார வேண்டும். எட்டு அடித்து ஐந்து நிமிஷம் ஆனால் 'வெயிட்டிங் லிஸ்ட்'தான்!

இந்தத் தடவை எனக்கு 14 நாள் லீவு கிடைத்திருந்தது. எங்கள் ஆசிரியர் சேர்ந்தாற்போல் பதினான்கு நாள் லீவு கொடுத்தார் என்று சொன்னால் ஆபீசில் யாரும் நம்ப மாட்டார்கள். எனக்கே நம்பிக்கை வரவில்லை. என் கணவருக்கும் லீவு. பெண்ணுக்குப் பன்னிரண்டு வயது, பையனுக்கு எட்டு. இரண்டு பேருக்கும் பரீட்சை முடிந்துவிடும். இன்னும் மூன்று வருஷம் போனால் பெண் பத்தாம் வகுப்பு. அப்புறம் அவளுக்கு ஏது கோடை, ஏது விடுமுறை? அதனால் இந்த வருஷம் எப்படியும் போய்விடுவது என்று தீர்மானமாயிற்று.

ஒரு ஞாயிற்றுக்கிழமை சாப்பாட்டு மேஜையில் மகாநாடு கூடியது. என் கணவர் கம்ப்யூட்டரில் கட்டம் கட்டமாகப் போட்டு, கலர் கொடுத்து, ஒரு பெரிய திட்டத்தையே கொண்டுவந்து வைத்தார். பதினான்கு நாளில் பதினோரு ஊர்! ஏற்காட்டில் ஆரம்பித்து, ஒகேனக்கல், ஊட்டி, கொடைக்கானல், மதுரை, குற்றாலம், கன்யாகுமரி, ராமேசுவரம், தஞ்சாவூர் என்று தமிழ்நாட்டின் படத்தை ஒரு சுற்றுச் சுற்றி வந்திருந்தார். ஐந்தாண்டுத் திட்டம் போட்டவர்கள்கூட இவ்வளவு துணிச்சலாகப் போட்டிருக்க மாட்டார்கள்.

நான் பத்திரிகைக்காரி அல்லவா? எதையும் சரி பார்க்காமல் விட மனசு வராது. "மே மாதத்தில் குற்றாலத்தில் எதைப் பார்ப்பதாக உத்தேசம்? பாறையையா? அங்கே சீஸன் ஜூனுக்கு மேல்தானே?" என்றேன். ஒரு கட்டம் அழிந்தது. ஊட்டிக்கும் கொடைக்கானலுக்கும் 2024 மே 7-ஆம் தேதியிலிருந்து, சென்னை உயர் நீதிமன்றத்தின் உத்தரவுப்படி, வண்டியில் போகிறவர்கள் இ-பாஸ் எடுக்க வேண்டும் என்று ஏற்பட்டது. அடுத்த வருஷக் கோடையில் ஊட்டிக்குச் சாதாரண நாளில் 6,000 வண்டி, வாரக் கடைசியில் 8,000 வண்டி என்று வரம்பும் கட்டினார்கள். மலை பாவம், எத்தனை வண்டியைத்தான் தாங்கும்! "எட்டாயிரம் வண்டிக்கு நடுவில் நாமும் ஒரு வண்டியா?" என்றேன். இன்னும் இரண்டு கட்டம் அழிந்தன.

பிறகு ஒரு கணக்குச் சொன்னேன். இந்தக் கணக்கு உங்களுக்குச் சொல்லித் தெரிய வேண்டியதில்லை. ஆனால் வீட்டில் உள்ள ஆண்பிள்ளைகளுக்கு இதைப் படித்துக் காட்டுங்கள். ஓர் ஊரை விட்டு இன்னோர் ஊருக்குப் போவது என்றால், காயாத துணியைத் தனியாகச் சுருட்டுவதில் ஆரம்பித்து, பல் துலக்கும் பிரஷ்ஷை எண்ணி, கட்டிலுக்கு அடியில் குனிந்து பார்த்து, ரூம் கணக்கைத் தீர்த்து, வண்டி பிடித்து, புது ஊரில் ரூம் திறந்து, குழந்தைக்கு மறுபடி அதே சட்டையைத் தேடி எடுக்கிறவரையில் அரை நாள் போயே போய்விடுகிறது. பதினோரு ஊருக்கு ஐந்தரை நாள். பதினான்கு நாளில் ஐந்தரை நாள் பெட்டி கட்டுவதற்கென்றே ஒருத்தி புறப்பட வேண்டுமா? அதை வீட்டிலேயே கட்டி அவிழ்த்துக்கொண்டிருக்கலாமே!

லண்டனில் இருக்கும் என் பள்ளித் தோழி ஒருத்தி, ஒரு ஜூலை மாதம் குடும்பத்தோடு ஸ்பெயின் தேசத்துக்குப் போய்வந்தாள். அவளுக்கும் பதினான்கு நாள்தான். மாட்ரிட், டொலேடோ, கொர்தோபா, செவில், கிரானடா, வாலென்சியா, பார்சலோனா என்று ஏழு ஊர். செவில் நகரத்தில் அந்த மாதம் வெயில் 40 டிகிரியைத் தாண்டுமாம். நம் வேலூரில் கத்திரியில் அடிக்குமே, அது மாதிரி. மத்தியானத்தில் பல கடைகளைச் சாத்திவிட்டு எல்லோரும் வீட்டுக்குள் போய்விடுகிறார்கள். இவர்கள் மட்டும் பெட்டியை உருட்டிக்கொண்டு தெருவில் நின்றார்களாம். ஏழாவது ஊரில் அவள் குழந்தை கேட்ட ஒரே கேள்வி, "இது எந்த ஊர் அம்மா?" என்பதுதான்.

இந்தச் சம்பாஷணை முழுவதிலும் என் மாமியார் ஒன்றும் பேசவில்லை. கூடத்து ஓரத்தில் உட்கார்ந்து கொத்தவரங்காய் ஆய்ந்துகொண்டிருந்தார். "அம்மா, நீ வருகிறாய் அல்லவா?" என்று இவர் ஒப்புக்குக் கேட்டார்.

"நான் எங்க கண்ணு வர்றது? முட்டி ஒத்துழைக்காது. நீங்க போயிட்டு வாங்க. வீட்டைப் பாத்துக்கிட்டு, செடிக்குத் தண்ணி ஊத்திக்கிட்டு இருக்கேன்" என்றார்.

உங்களிடம் உண்மையைச் சொல்லிவிடுகிறேன். அந்த நிமிஷத்தில் எனக்கு ஒரு நிம்மதி உண்டாயிற்று. எழுபத்து மூன்று வயசுக்காரரை அழைத்துக்கொண்டு படி ஏற வேண்டாம், மருந்துப் பெட்டி வேண்டாம், வீடும் பத்திரமாக இருக்கும். இவர் முகத்திலும் அதே நிம்மதியைப் பார்த்தேன். நாங்கள் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொள்ளவில்லை.

என் பெண்தான் விடவில்லை. "அப்பாயி, நீங்கள் கொடைக்கானலுக்குப் போயிருக்கிறீர்களா?" என்று கேட்டாள்.

"போயிருக்கேனே! உங்கப்பன் மூணாங் கிளாஸ் படிக்கிறப்போ."

"அங்கே என்ன பார்த்தீர்கள்?"

அத்தை சிறிது நேரம் யோசித்தார். "பஸ் ஸ்டாண்டைப் பார்த்தேன். எல்லோரும் தூண் பாறை பாக்கப் போனாங்க. நான் மூட்டைக்குக் காவல் இருந்தேன்" என்றார்.

குறையாகச் சொல்லவில்லை, தகவலாகத்தான் சொன்னார். குழந்தை மேலும் கேட்கக் கேட்க ஒவ்வொன்றாக வந்தது. ஊட்டியில் படகு ஏறும் இடத்தில் பெஞ்சு. கன்யாகுமரியில் விவேகானந்தர் பாறைக்கு எல்லோரும் படகில் போனார்கள், அத்தை கரையில். திருப்பதியில் மட்டும் ஸ்வாமி தரிசனம் உண்டு, ஏனென்றால் அங்கே மூட்டையை வாங்கி வைத்துக்கொள்ளத் தேவஸ்தானத்தார் இருக்கிறார்கள்!

என் கணவர் கம்ப்யூட்டரை மெதுவாக மூடினார். எனக்கோ, போன வருஷம் மகாபலிபுரத்தில் நான் எங்கே உட்கார்ந்திருந்தேன் என்ற ஞாபகம் வந்தது. ஆறு செருப்பு, மூன்று பை, ஒரு தண்ணீர்க் கூஜா. உங்களுக்கும் ஏதாவது ஒரு பெஞ்சு ஞாபகம் வரலாம்.

"உங்களுக்கு எந்த ஊர் பார்க்க வேண்டும் என்று ஆசை அத்தை?" என்று கேட்டேன். கல்யாணமாகிப் பதினாலு வருஷத்தில் இதை நான் கேட்டது அதுதான் முதல் தடவை.

"கொல்லிமலை" என்றார், யோசிக்காமலே.

அத்தை பிறந்தது சேந்தமங்கலத்தில். கொல்லிமலையின் அடிவாரத்து ஊர். கொல்லைக் கதவைத் திறந்தால் மலை. மாட்டுத் தொட்டியில் தண்ணீர் ஊற்றும்போது மலை. ஆடிப் பதினெட்டுக்கு அண்ணன்மார்கள் எல்லோரும் கால்நடையாக மலை ஏறி, அறப்பளீஸ்வரரைத் தரிசித்துவிட்டு, அருவியில் குளித்துவிட்டு வந்து கதை சொல்வார்களாம். பெண்பிள்ளைகளை அழைத்துப் போகும் வழக்கம் அவர்கள் வீட்டில் இல்லை. 1972-ல் கல்யாணமாகிப் பெரம்பூருக்கு வந்துவிட்டார். மாமனாருக்கு ரயில்வேயில் உத்தியோகம். இலவசப் பாஸில் காசி வரைக்கும் போயிருக்கிறார்கள். கொல்லிமலைக்கு ரயில் கிடையாதே!

புதுத் திட்டத்தை நானும் பெண்ணுமாகப் போட்டோம். போகவும் வரவும் ரயிலில் இரண்டு ராத்திரி. பாக்கிப் பதினொரு ராத்திரியும் நான்கே ஊர்: நாமக்கல்லில் இரண்டு, கொல்லிமலையில் நான்கு, ஸ்ரீரங்கத்தில் மூன்று, தஞ்சாவூரில் இரண்டு. எந்த ஊரிலும் காலையில் ஒன்று, சாயங்காலம் ஒன்று, அவ்வளவுதான் பார்ப்பது. மத்தியானம் தூக்கம். பையன் மட்டும், "ஏற்காடு எங்கே?" என்று அழுதான். நாமக்கல்லில் ஒரே கல்லில் செதுக்கிய 18 அடி ஆஞ்சநேயர் கூரையில்லாமல் வெட்டவெளியில் நிற்கிறார் என்று சொல்லிச் சமாதானப்படுத்தினேன்.

காரவள்ளியில் மலைப்பாதை ஆரம்பமாகிறது. மொத்தம் 70 கொண்டை ஊசி வளைவுகள். ஒவ்வொரு வளைவிலும் இது இத்தனையாவது என்று பலகை வைத்திருக்கிறார்கள். குழந்தைகள் முதலில் உற்சாகமாக எண்ணினார்கள். இருபதுக்கு மேல் குரல் இறங்கியது. முப்பத்தொன்றில் பையன் வண்டியை நிறுத்தச் சொன்னான். (காலையில் பூரி வேண்டாம் என்று சொன்னேன், யார் கேட்டார்கள்? மலை ஏறுகிற அன்று இரண்டு இட்டிலி போதும். எலுமிச்சம்பழமும் பழைய துணியும் கையிலேயே இருக்கட்டும்.) அவனுக்கு முகம் கழுவிவிட்டு நிமிர்ந்தால், அத்தையைக் காணோம். இறங்கிப் போய்ச் சாலையோரக் கைப்பிடிச் சுவரைப் பிடித்துக்கொண்டு கீழே பார்த்துக்கொண்டிருந்தார். கீழே சமவெளி, தென்னந்தோப்பு, வெள்ளைக் கோடு மாதிரி சாலை.

"எங்க ஊர் எது?" என்று கேட்டார். டிரைவர் ஒரு திசையைக் காட்டினார். அத்தை அங்கேயே நின்றார். அப்புறம் என் பக்கம் திரும்பி, "இங்கேயிருந்து பாத்தா எங்க ஊரு இத்துனூண்டுதான் இருக்கு அம்மிணி" என்றார். இருபது நிமிஷம் நின்றோம். பழைய திட்டத்தின் கட்டத்தில் இந்த இருபது நிமிஷத்துக்கு இடமே இருந்திருக்காது.

மேலே குளிர் என்று சொல்ல முடியாது. மலை ஏறக்குறைய 1,000 முதல் 1,300 மீட்டர் உயரந்தான். கம்பளி வேண்டாம், ராத்திரிக்கு ஒரு போர்வை போதும். செம்மேட்டில் வல்வில் ஓரிக்குச் சிலை இருக்கிறது. ஒரே அம்பில் யானை, புலி, மான், பன்றி, உடும்பு ஐந்தையும் துளைத்தானே, புறநானூற்றுப் புலவர் வன்பரணர் பாடியிருக்கிறாரே, அந்த ஓரிதான். அவனைக் காரி கொன்று மலையைச் சேரனுக்குக் கொடுத்துவிட்டான் என்று பெண் சொன்னதும், "நல்லவங்கதானே ஜெயிக்கணும்?" என்று பையன் சண்டைக்கு வந்தான்.

அங்கே இருக்கிற ஜனங்களுக்கு மலையாளிகள் என்று பெயர். கேரளத்தோடு சேர்த்துவிடாதீர்கள், அவர்கள் பேசுவது தமிழ்தான். காஞ்சிபுரத்திலிருந்து வந்தவர்கள் என்று அவர்களுக்குள் ஓர் ஐதிகம். சாமையும் கேழ்வரகும் விளைந்த நிலத்தில் பாதிக்கு மேல் மரவள்ளிக் கிழங்கு வந்துவிட்டது என்று சோளக்காட்டில் சாமை விற்ற ஓர் அம்மாள் சொன்னாள். சாமையை உரலில் குத்துவது லேசான வேலையா? எம்.எஸ்.சுவாமிநாதன் ஆராய்ச்சி நிறுவனத்தார் பல வருஷங்களாக இங்கே சிறுதானியத்துக்காக வேலை செய்ததில், ஊர்களுக்கு உமி நீக்கும் இயந்திரம் கொண்டுவந்ததும் ஒன்று. அத்தையும் அந்த அம்மாளும் குத்தின கதையை மாற்றி மாற்றிப் பேசினார்கள். பேச்சு முடிவில் இரண்டு கிலோ சாமையும், ஒரு சீப்பு மலைவாழைப்பழமும், கொஞ்சம் மிளகும் எங்கள் பைக்கு வந்து சேர்ந்தன. வழியில் முடவாட்டுக்கால் கிழங்கு சூப்பும் குடித்தோம். முட்டிவலிக்கு நல்லது என்று விற்கிறார்கள். அத்தையின் முட்டி அதைக் குடித்ததாகவே காட்டிக்கொள்ளவில்லை. ருசி மட்டும் ஆட்டுக்கால் சூப் மாதிரி அசலாக இருந்தது.

மூன்றாம் நாள் ஆகாய கங்கை. அறப்பளீஸ்வரர் கோயிலுக்குப் பக்கத்திலிருந்து படி இறங்குகிறது. ஆயிரத்துக்கு மேல் படிகள், செங்குத்தாக. அய்யாறு ஏறக்குறைய 300 அடி உயரத்திலிருந்து விழுகிறது. மே மாதத்தில் தண்ணீர் ஒல்லிதான். மழைக்குப் பிறகு போகிறவர்கள் கொடுத்துவைத்தவர்கள். இறங்குவது சுலபம்; ஏறும்போதுதான் ஒவ்வொரு படியும் உங்கள் வயசைக் கேட்கும்.

படிவாசலில் நான் வழக்கம்போல் நின்றேன். கையில் துண்டுகள், மாற்றுத் துணி, டிபன் கேரியர், சாமை, பழம், மருந்துப் பை, ஆக ஆறு உருப்படி. ஒரு நாள் வெளியே போவதற்கே ஆறு! இவர் என்னிடமிருந்து ஒவ்வொன்றாக வாங்கிக் கீழே வைத்துவிட்டு, நிழலாகப் பார்த்து உட்கார்ந்துகொண்டார். "நீங்கள் எல்லோரும் போய்விட்டு வாருங்கள்" என்றார்.

"நான் அம்மாவோடு இருக்கிறேனே" என்றேன்.

"அம்மாவும் வருகிறாளாமே" என்றார்.

திரும்பிப் பார்த்தால், அத்தை என் பெண்ணின் தோளைப் பிடித்துக்கொண்டு நாலாவது படியில் நிற்கிறார்! முடிந்தவரை இறங்குவது, முடியாத இடத்தில் உட்காருவது என்று பேத்தியும் பாட்டியும் ஒப்பந்தம் செய்திருக்கிறார்கள். நூற்றுப் பதினேழு படி இறங்கினார். அங்கே ஒரு வளைவில் உட்கார்ந்து, "தண்ணி சத்தம் கேக்குது, போதும். நீ போயிட்டு வா அம்மிணி. இவ என்கூட இருக்கட்டும்" என்றார். பெண்ணும் சரி என்று உட்கார்ந்துவிட்டாள்.

நானும் பையனும் கடைசிப் படி வரை இறங்கினோம். அருவிக்குக் கீழே போய்த் தலையைக் கொடுத்தேன். குளித்தது எவ்வளவு நேரம் என்று தெரியாது. செருப்பைப் பற்றிய கவலையே வரவில்லை.

இரண்டரை மணி நேரம் கழித்து, மூச்சு இரைக்க எல்லோருமாக மேலே வந்து சேர்ந்தோம். இவர் முகம் சிவந்திருந்தது. "ஒரு நிமிஷம் எழுந்து கால் நீட்ட முடியவில்லை. குரங்குகள் நாலு பக்கமும். தண்ணீர் குடிக்கக்கூட எங்கும் போக முடியவில்லை" என்று ஆரம்பித்தார்.

அத்தை படியில் உட்கார்ந்து முட்டியைத் தேய்த்துக்கொண்டே, "பையெல்லாம் எண்ணிப் பாத்தியாடா?" என்று கேட்டார்.

எண்ணினார். ஐந்துதான் இருந்தது. வாழைப்பழப் பையைக் காணோம்.