மெழுகும் மெருகும்

மெழுகு என்றதும் நம் உள்ளத்தில் தோன்றுவது பீடத்தில் எரியும் மெழுகுதிரியே. பாஸ்கா இரவில் புதுத் தீயிலிருந்து ஏற்றப்படும் பெருந்திரியின் அருகே நின்று பாடப்பெறும் பாஸ்கா புகழுரையின் இலத்தீன் மூலம், அத்திரிக்குத் தன் உழைப்பை ஈந்த தேனீயையும் மறவாமல் நினைவுகூர்கிறது. திருமுழுக்கின்போது நமக்கு ஏற்றித் தரப்படும் சிறு திரியின் சுடர் அப்பெருந்திரியிலிருந்து பெறப்படுவதே. அடக்கத் திருப்பலியில் நம் உடலருகே நின்று எரிவதும் அதுவே. கால் நூற்றாண்டுக்கும் மேலாக மெழுகோடு பழகியவன் நான். அதனிடம் கற்க இனி ஏதும் இல்லை என்றே எண்ணியிருந்தேன். அவ்வெண்ணத்தைச் சென்ற தவக்காலத்தில் ஒரு மகிழுந்து திருத்தியது.

எங்கள் பங்கு கடலோரப் பங்கு. தாய்க் கோவிலைத் தவிர ஐந்து கிளைக் கோவில்கள் உண்டு. நள்ளிரவில் நோயில் பூசுதல் வழங்க அழைப்பு வந்தால், மணற்சாலையில் இருசக்கர வண்டியில் செல்வேன். ஐம்பதைக் கடந்த முதுகு சில ஆண்டுகளாக அதற்கு ஒத்துழைக்க மறுத்தது. எனவே, மறைமாவட்டம் பாதியும் மக்கள் பாதியும் ஈந்து, கருநீல நிறத்தில் ஒரு மகிழுந்து வாங்குவதெனப் பங்குப் பேரவையில் பேச்சு எழுந்தது.

அக்கூட்டத்தில்தான் பழுது நேர்ந்தது. பேரவையின் பொருளாளர் எழுந்து, கடைசிக் கிளைக் கோவிலின் கூரை இரண்டு மழைக்காலமாக ஒழுகுவதை எடுத்துரைத்தார். அமைதியாகத்தான் பேசினார். நானோ, "நோயாளிகளைவிட ஓடுகள் உங்களுக்குப் பெரிதாகப் போயிற்றா?" என்று இருபது பேர் முன்னிலையில் கேட்டுவிட்டேன். சிலர் சிரித்தனர். அவர் அமர்ந்தார். மகிழுந்து வாங்கப்பட்டது. அதன்பின் அவர் பேரவைக்கு வருவதை நிறுத்திக்கொண்டார். ஞாயிறு திருப்பலிக்கு வருவார். கடைசி இருக்கையில் அமர்வார். இறுதி ஆசீர் முடிந்ததும், யாரிடமும் பேசாமல் சென்றுவிடுவார்.

நான் வாளாவிருக்கவில்லை. ஒருநாள் மாலை கணக்கேட்டைக் கையில் எடுத்துக்கொண்டு அவர் இல்லம் சென்றேன். ஒரு மணி நேரத்திற்கும் மேலாக விளக்கினேன். எத்தனை நோயாளிகள், எத்தனை கிலோமீட்டர், எரிபொருளுக்கு எவ்வளவு, கூரைக்கு அடுத்த ஆண்டு எவ்வளவு என்று ஒன்றையும் விட்டுவைக்கவில்லை. அவர் மரியாதையோடு கேட்டார். "சரிங்க சாமி" என்றார். அடுத்த ஞாயிறும் கடைசி இருக்கையிலேயே அமர்ந்தார். என் கடமையை நான் செய்துவிட்டேன். இனி அவர் பாடு என்று எனக்கு நானே தீர்ப்பு எழுதிக்கொண்டேன்.

தவக்காலம் வந்தது. உப்புக்காற்றும், வேப்பமரத்துக் காகங்களின் எச்சமும் புது வாகனத்தின் வண்ணத்தை அரித்துவிடும்; மெழுகிட்டு வைப்பது நல்லது என்று ஒருவர் கூறினார். ஆலையிலேயே சூடேற்றி இறுக்கப்பட்ட வண்ணம் ஆகையால் புது வாகனத்திற்கு உடனே மெழுகிடலாம் என்றும், மறுவண்ணம் பூசிய வாகனத்திற்கே சில வாரங்கள் காத்திருக்க வேண்டும் என்றும் அவர் சொன்னார். நகரத்திலிருந்து ஒரு டப்பா மெழுகு வாங்கிவந்தேன். அது தேனீயின் மெழுகன்று. பிரேசில் நாட்டின் வடகிழக்கில் வளரும் கர்னாபா என்னும் பனையினத்து மரம், வறட்சியில் தன் ஈரத்தைக் காத்துக்கொள்ள ஓலையின்மேல் மெல்லியதாகப் படரவிடும் மெழுகே அதன் முதற்பொருள். தேன்மெழுகு ஏறத்தாழ 62 முதல் 64 பாகை செல்சியசில் உருகிவிடும். சித்திரை வெயிலில் நம் திரிகள் வளைந்துபோவதைப் பார்த்திருக்கிறோம் அல்லவா? கர்னாபா மெழுகோ 82 பாகைக்கு மேல்தான் உருகும். வெயிலில் நிற்கும் வாகனத்திற்கு அது ஏற்றதாய் இருப்பதன் காரணம் இதுவே.

காற்றையும் காகத்தையும் காரணமாகச் சொன்னேன். உண்மையில் இன்னொரு காரணமும் உள்ளே இருந்தது. ஞாயிறு காலை கோவில் முற்றத்தில் அவ்வாகனம் பளபளத்து நிற்க வேண்டும். கடைசி இருக்கையில் அமர்பவர் அதைக் கடந்து செல்கையில் காண வேண்டும் என்ற ஆசை. இதை எழுத வெட்கமாய் இருக்கிறது. ஆயினும் எழுதாவிட்டால் இக்கட்டுரைக்குப் பொருளில்லை.

நான்காம் வாரத்துச் சனிக்கிழமை, முற்பகல் பதினொரு மணி வெயிலில் வேலையைத் தொடங்கினேன். அவசரமாக ஒரு வாளி நீரால் கழுவினேன். பழைய வேட்டித் துணியைக் கிழித்து, டப்பாவிலிருந்து தாராளமாக அள்ளி, வாகனம் முழுவதும் ஒரே மூச்சில் தடித்துப் பூசினேன். நல்ல பொருள்தானே, அதிகம் பூசினால் அதிகப் பாதுகாப்பு என்பது என் கணக்கு. பூசி முடித்துத் துடைக்கத் தொடங்குகையில் முதலில் பூசிய இடம் சுண்ணாம்புபோல் இறுகியிருந்தது. வலுவாகத் தேய்த்தேன். மெழுகு அகலவில்லை, இடம் மாறியது. மாலையில் ஒப்புரவு அருட்சாதனத்திற்கு மக்கள் வந்து காத்திருந்ததால், களைத்த கையோடு அப்படியே விட்டுச் சென்றேன்.

மறுநாள் காலைத் திருப்பலி முடிந்து வெளியே வந்தபோது, சாய்ந்து விழுந்த இளவெயில் என் வேலை முழுவதையும் வெளிப்படுத்தியது. கருநீலப் பரப்பெங்கும் வெண்கோடுகள், வளையங்கள், வழிந்த தடங்கள். மக்கள் கூடி நின்று பார்த்தனர். மறைக்கல்வி வகுப்புக்கு வந்த ஒரு சிறுவன் என் அங்கியைப் பிடித்து இழுத்து, "சாமி, காரு அழுதிருக்கா?" என்று கேட்டான். பொருளாளர் அவ்வழியே சென்றார். ஒரு கணம் பார்த்தார், ஒன்றும் சொல்லவில்லை.

திங்கள் மாலை, வாகனப் பட்டறையில் வேலை செய்யும் எங்கள் பங்கு இளைஞர் ஒருவர் தாமாகவே வந்தார். டப்பாவைத் திறந்து பார்த்ததும் சிரிப்பை அடக்கிக்கொண்டார்.

"பாதி டப்பா காலி ஆயிருக்கே சாமி! இது ஒரு காருக்குப் பத்துத் தடவை வரும்."

நான் துணியை எடுத்து, கறை படிந்த இடத்தை மீண்டும் அழுத்தித் தேய்க்கப் போனேன். அவர் என் கையைத் தடுத்தார்.

"தேய்க்காதீங்க. காஞ்ச மெழுகு தேய்ச்சாப் போகாது. வண்ணத்துல கீறல்தான் விழும். அதே மெழுகைப் புதுசா, துளியூண்டு, மேல வையுங்க. பழசு இளகும். இளகின உடனே துடைச்சிரணும்."

வாகனத்தை மர நிழலுக்குக் கொண்டுபோனார். தகடு தொட்டால் குளிர்ந்திருக்க வேண்டும் என்றார். சூடான தகட்டில் மெழுகிலுள்ள கரைப்பான் விரைந்து ஆவியாகி, மெழுகு இறுகிவிடுமாம். இரண்டு சாண் அளவுள்ள இடத்தை மட்டும் எடுத்துக்கொண்டார். விரல் நுனியளவு மெழுகைப் பஞ்சுத் திண்டில் தொட்டு, கண்ணுக்குத் தெரிந்தும் தெரியாமலும் பரப்பினார். உடனே மென்மையான நுண்ணிழைத் துணியால் துடைத்தார். துணியின் தூய பக்கத்தைத் திருப்பி மறுமுறை துடைத்தார். துணியை நான்காக மடித்தால், திருப்பித் திருப்பி எட்டுத் தூய முகங்கள் கிடைக்கும் என்பதையும் அன்றுதான் அறிந்தேன். நான் அழுக்கேறிய ஒரே முகத்தால் வாகனம் முழுவதும் தேய்த்திருந்தேன். அவர் கைபட்ட இடத்தில் வெண்கோடுகள் மறைந்து, வேப்பமரத்தின் கிளைகள் தகட்டில் தெளிவாகத் தெரிந்தன.

ஓட்டுநர் பக்கத்துக் கதவில் மட்டும் ஒரு மங்கல் அகலவில்லை. அவர் குனிந்து பார்த்துவிட்டுச் சொன்னார்: "இது மேல உள்ள கோடு இல்ல சாமி. சரியாக் கழுவாமப் பூசியிருக்கீங்க. அழுக்கு அடியில இருக்கு. மெழுகு அதை மூடி வச்சிருக்கு. இங்க இளக்கினாப் பத்தாது. எல்லாத்தையும் எடுத்துட்டு, முதல்ல இருந்து செய்யணும்." நீர் கலந்த ஐசோபுரோப்பைல் ஆல்கஹாலைத் துணியில் நனைத்து அவ்விடத்து மெழுகை முற்றிலும் அகற்றினார். வாகனத்திற்குரிய சவர்க்காரம் கொண்டு கழுவி, உலர்த்தி, அதன்பின்னரே புதிதாக மெழுகிட்டார். சிறிது நேரத்தில் அது மெல்லிய மூடுபனிபோல் மங்கிற்று. விரலால் ஒரு கோடு இழுத்துப் பார்த்தார். இழுத்த இடம் துலக்கமாய்த் தெரிந்ததும், "இப்பத் துடைக்கலாம்" என்று துணியை என் கையில் கொடுத்தார்.

அன்றிரவு எனக்கு உறக்கம் வரவில்லை. குருமடத்தில் ஒப்புரவு அருட்சாதனம் பற்றிக் கற்ற பாடம் நினைவில் எழுந்தது. 1551-ஆம் ஆண்டு திரெந்துப் பொதுச்சங்கம், மனம் வருந்துபவர் செய்ய வேண்டியவை மூன்று என்று கற்பித்தது: உள்ளத் துயர், பாவ அறிக்கை, பரிகாரம். இதை நான் எத்தனையோ தவக்காலங்களில் மக்களுக்கு விளக்கியிருக்கிறேன். ஆனால் கணக்கேட்டோடு பொருளாளர் வீட்டிற்குச் சென்ற நாளில் அம்மூன்றில் எதையும் நான் கொண்டுசெல்லவில்லை. நான் கொண்டுசென்றது விளக்கம். விளக்கம் என்னும் நான்காவது ஒன்று அவ்வரிசையில் இல்லவே இல்லை! பலர்முன் அவரை இகழ்ந்த அழுக்கு அடியில் கிடந்தது. அதைக் கழுவாமல், நல்ல சொற்களைத் தடித்துத் தடித்து அதன்மேல் பூசிவிட்டு வந்தேன். சொற்கள் இறுகின. பின்னர் அவரது மௌனத்தைக் குறைகூறினேன்.

கறை இருவகை. அளவுக்கு மீறியதால் மேலே படிவது ஒன்று. கழுவாததால் அடியில் தங்குவது மற்றொன்று. முன்னது மென்மைக்கு இளகும். பின்னது அகற்றப்பட்டாலன்றி நீங்காது. இரண்டில் எதுவாயினும் வலிந்து தேய்ப்பது மருந்தாகாது. குடும்பங்களிலும் அன்பியங்களிலும் பங்குகளிலும் நாம் பெரும்பாலும் செய்வதோ அதுதான். உறவு மங்கினால் இன்னும் அதிகமாகப் பேசுகிறோம். இன்னும் அழுத்தமாக நம் நியாயத்தை நிறுவுகிறோம். நல்லெண்ணத்தோடுதான் செய்கிறோம். நானும் நல்ல மெழுகைத்தான் பூசினேன்.

செவ்வாய் மாலை நடந்தே அவர் இல்லம் சென்றேன். இம்முறை கையில் ஏடு இல்லை. திண்ணையில் அமர்ந்ததும், "அன்றைக்குப் பேரவையில் எல்லார் முன்னிலையிலும் உங்களை அவமானப்படுத்திவிட்டேன். அது என் தவறு. என்னை மன்னித்துவிடுங்கள்" என்றேன். அதற்குமேல் சொல்ல நாவில் பல வந்தன; அடக்கிக்கொண்டேன். அந்த அமைதி எனக்குப் பெருங்கடினமாய் இருந்தது. அவர் நெடுநேரம் வாசலையே பார்த்துக்கொண்டிருந்தார். அவர் மனைவி காப்பி கொண்டுவந்து வைத்தார்.

கடைசியில் அவர் சொன்னார்: "காரு வேண்டாம்னு நான் சொல்லலிங்க சாமி. கூரை ஒழுகுதுன்னுதான் சொன்னேன். எங்க அம்மாவ அடக்கம் பண்ணின கோயில் அது."

முதன்முறையாக அது என் செவியில் விழுந்தது. அதுவரை அவரைக் கேட்டதாகவே நான் எண்ணியிருந்தேன்.

அடுத்த சனிக்கிழமை அவரும் நானும் அம்மகிழுந்திலேயே அக்கிளைக் கோவிலுக்குச் சென்றோம். ஏணி வைத்து ஏறிப் பார்த்தோம். மாற்ற வேண்டிய ஓடுகளையும், உளுத்துப்போன இரண்டு சட்டங்களையும் அவர் ஒரு தாளில் குறித்துக்கொண்டார். பாஸ்காவிற்குப் பின் வேலை தொடங்கியது. மழைக்கு முன் முடிந்தது. மூன்றாவதாகிய பரிகாரத்திற்கு என் பங்கில் நான் செய்யக்கூடியது அவ்வளவே. அவர் பேரவைக்கு உடனே திரும்பிவிடவில்லை. இரண்டு கூட்டங்கள் கழித்தே வந்தார். வந்து ஓரமாக அமர்ந்தார். நான் அவரை வற்புறுத்தவில்லை.

அன்று கிளைக் கோவிலிலிருந்து திரும்பி வந்து இறங்கும்போது, அவர் கதவருகே நின்று குனிந்து பார்த்தார். "இந்த ஓரத்துல இன்னும் ஒரு கோடு தெரியுதே சாமி" என்றார். இருவரும் சிரித்தோம்.

மெழுகு நிலையானதன்று. வெயிலும் மழையும் உப்புக்காற்றும் பட, சில திங்களில் அது தேய்ந்துவிடும். கழுவி, நிழலில் நிறுத்தி, மீண்டும் மெல்லியதாக இட வேண்டும். திருச்சபை ஆண்டுதோறும் நமக்கு ஒரு தவக்காலம் தருவதும் இதனாலேயே போலும். டப்பாவில் மிஞ்சிய பாதி மெழுகு என் அறை அலமாரியில், திருப்புகழ்மாலை நூலுக்கு அருகில் இருக்கிறது. மறையுரைக்கு எழுதிவைத்தது மூன்று பக்கத்தைத் தாண்டும்போதெல்லாம் அது என் கண்ணில் படுகிறது.